பழைய முகவரியை யார் பார்த்துக்கொள்வது?

அண்ணாமலையார் கோயிலின் இணைய முகவரி இப்போது 'கவ்.இன்' என்று முடிகிறது. நல்ல மாற்றம்தான்; அரசைத் தவிர யாருக்கும் அது கிடைக்காது. ஆனால் அறநிலையத் துறை முன்பு வைத்திருந்தது 'ஆர்க்'. காசு கட்டினால் எவருக்கும் கிடைக்கிற வகை. இடம் மாறியாச்சு, பழையதுக்கு எதுக்குப் பணம் என்று ஆபீஸ்களில் நினைப்பார்கள். அங்கேதான் எனக்குச் சண்டை. புதுப்பிக்காமல் விட்டு, பதிவு நீக்கப்பட்டால் மீட்க 30 நாள், அப்புறம் 5 நாள், பிறகு முந்தினவருக்கு. பழைய வலைப்பக்கங்களில் இணைப்பு அப்படியே கிடக்கும். தீபத்துக்கு டிக்கெட் தேடுபவர் அதைத் தட்டினால் பணம் யார் கணக்குக்குப் போகும்? வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். 10 வருஷத்துக்குச் சேர்த்தே கட்டலாம். கிரிவலப் பாதை லாட்ஜுக்காரர்களுக்கும் இதே கணக்குதான்.