அழாத மகவும் கரையும் அன்றிலும்

குழந்தையின் முதல் அழுகைக்குக் குருபரம்பரை வரலாறு ஒரு காரணம் காட்டுகிறது. கருவினின்று வெளிப்படும் சிசுவைச் சடம் என்னும் வாயு தீண்ட, ஞானம் மறைந்து குழந்தை அழுகிறது. நம்மாழ்வார் அவ்வாயுவைக் கோபித்து ஓட்டினமையால் அழவில்லை. சடகோபர் என்னும் திருநாமமும் பெற்றார். திருக்குருகூர்ப் புளியடியில் 16 ஆண்டுகள் வாய் திறவாதிருந்ததும் அந்த ஞானத்தின் தொடர்ச்சியே. (அருகிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் தோன்றிய குமரகுருபரரும் 5 வயதுவரை பேசவில்லை என்பர் சைவர். அங்கே பேசாமை அருளால் தீர்ந்த குறை; இங்கே மௌனம் நிறைவு.)

இவ்வரலாற்றை மட்டும் பற்றினால், சொல்லாகாத ஒலியெல்லாம் அஜ்ஞானத்தின் அடையாளம் என்றாகிவிடும். ஆழ்வாரின் திருவாக்கு அதற்கு இடந்தருவதில்லை. திருவாய்மொழி 2-1இல் இரவெல்லாம் குரலெடுக்கும் அன்றிலைப் பராங்குச நாயகி தன்னைப்போல் எம்பெருமானைப் பிரிந்ததாகவே கொள்கிறாள். அங்கே ஆழ்வார் ஆளும் வினை இரங்குதல். ஒலித்தலும் அதுவே, வருந்துதலும் அதுவே. பறவை சமதுக்கி ஆவதற்கு இவ்வொரு சொல்லே போதும்.

ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற திருக்கோலத்தைப் பாடும் 9-2ஐக் கடந்து 9-5க்கு வந்தால், அதே அன்றிலின் குரல் பொறுக்கவொண்ணாததாகிறது. இங்கே அது சேவலோடு கூடியிருந்து குரல் கொடுக்கிறது. வினையும் கரைதல்: கூவுதலும் உருகுதலும் ஒருங்கே. பறவைகளை ஸ்மாரக பதார்த்தங்களாக, அவனை நினைவூட்டி நலிவனவாகக் கொள்ளும் வியாக்யான வழி இவ்விடத்திற்கு முற்றும் பொருந்துகிறது. பறவைகளை ஆசார்யர்களாகவும், சிறகிரண்டை ஞானானுஷ்டானங்களாகவும் கொள்ளும் ஸ்வாபதேசம் தூதுப் பதிகங்களுக்கு உரியது. அதை இங்கும் நீட்டுவது பாசுரத்தின் செவியை அடைப்பதாகும். தூது விடுபவள் பறவையைப் பேசச் சொல்கிறாள். இவளோ வாய் திறவாதே என்று வேண்டுகிறாள். ஆசார்யனை அப்படி விலக்குவார் உண்டோ?

கிளிக்குரிய பாசுரம் இன்னும் நுட்பமானது. அன்றில் அயலது, கிளியோ அவளே வளர்த்தது. அதன் செவ்வாய் காகுத்தனின் திருப்பவளத்தை ஒத்திருப்பதால் பார்ப்பதே துன்பம். அதன்மேல் குரலும் கேட்கிறது. அக்குரலுக்கு ஆழ்வார் இட்ட சொல் மிழற்றுதல், மழலைக்கும் வழங்கும் சொல். கிளியை அழைப்பதும் பைதல் என்று, குழந்தைக்குரிய பெயராலே. பிறந்தபோது அழாதவர், தாம் வளர்த்த பிள்ளையின் மழலையை நிறுத்தச் சொல்லி மன்றாடுகிறார்.