நிச்சயமின்மையா, அறுதியின்மையா? - ஓர் இயற்பியற் கலைச்சொல் குறித்த திறனாய்வு

வெர்னர் ஹைசன்பர்க் 1927இல் வெளியிட்ட கட்டுரை, துகளின் இருப்பிடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாகக் கூறுதற்கு ஓர் எல்லை உண்டு எனக் காட்டியது. அவ்வெல்லை மனித அறிவின் குறையா, அன்றிப் பொருளின் இயல்பா என்னும் வினா இன்றும் முற்றுப்பெறவில்லை. ஆனால் இவ்வினாவுக்குக் கலைச்சொல்லே முன்கூட்டி விடை கூறிவிடுதல் உண்டு.

ஹைசன்பர்க் ஒரே சொல்லில் நிற்கவில்லை. செருமானிய மூலத்தில் அவர் பெரிதும் ஆண்டது, துல்லியமின்மையைச் சுட்டும் 'உன்கெனௌயிக்கைட்'. பொருள் வரையறுபடாமையைக் குறிக்கும் 'உன்பெஸ்டிம்ட்ஹைட்' என்பதும் இடம்பெறுகிறது. உறுதிப்பாடின்மையைக் குறிக்கும் 'உன்சிகர்ஹைட்' இறுதிப் பின்குறிப்பிலேயே வருகிறது. ஆயினும் அவருடைய சிகாகோச் சொற்பொழிவுகள் 1930இல் ஆங்கில நூலானபோது, இம்மூன்றாவதற்கு நிகரான 'அன்சர்ட்டன்டி' என்பதே ஆளப்பட்டது.

தமிழில் ஐயப்பாடு, அறுதியின்மை, நிச்சயமின்மை முதலியன வழங்குகின்றன. இவற்றின் தொடரியல் நடத்தை வேறுவேறு. 'ஐயம்' நான்காம் வேற்றுமை ஏற்ற உயர்திணைப் பெயரை வேண்டுவது. 'மாணவனுக்கு ஐயம்' எனலாம். 'எலக்ட்ரானுக்கு ஐயம்' எனல் ஆகாது. எனவே 'ஐயப்பாட்டுக் கொள்கை' என்பது எல்லையை நோக்குவோன் மனத்தில் வைக்கிறது. கென்னார்டு 1927இலேயே நிறுவிய சமனிலியோ, இரு திட்ட விலக்கங்களின் பெருக்கற்பலனுக்குத் துல்லியமான கீழெல்லை வகுப்பது. அனைத்தும் ஐயத்துக்குரியவை என அறிவியலே ஒப்பியது என்னும் மேடைக் கூற்றுக்கும் இச்சொல் இடந்தருகிறது.

'அறுதியின்மை' எல்லையைப் பொருளின்மேல் ஏற்றுகிறது. இது நீல்ஸ் போர் கொண்ட நிலைப்பாட்டுக்கு அணுக்கமானது. ஆனால் டேவிட் போம் 1952இல் முன்வைத்த விளக்கத்தில் துகளுக்கு எப்போதும் குறிப்பிட்ட இருப்பிடம் உண்டு. அதனை முழுதும் அறியவியலாமையே எல்லையாகிறது. அவ்விளக்கத்தை மொழிபெயர்ப்போர்க்கு இச்சொல் முரணாகும்.

'நிச்சயமின்மை' இவ்விரு பக்கமும் இயங்குவது. 'திருமணம் நிச்சயமாகவில்லை' என்பதில் முடிவே ஏற்படவில்லை. 'நிச்சயமாகத் தெரியவில்லை' என்பதில் முடிவு இருக்கலாம், அறிவே குறைவு. வடசொல் என்னும் காரணத்தால் தனித்தமிழ் நோக்கினர் விலக்கும் இச்சொல், இயற்பியலில் தீராத வினாவைத் தீராததாகவே விட்டுவைக்கிறது. ஆதலின் பொதுப் பாடநூல்களுக்கு இதுவே ஏற்புடையது. விளக்கக் கொள்கைகளை ஒப்பிடும் நூல்களில் மட்டும், அவ்வக் கொள்கைக்கு ஏற்ப அறுதியின்மை, அறியவியலாமை எனப் பிரித்தாளுதல் தகும்.