கரந்துறை பொருளும் காவலும்

ஆக்கியோன் ஒருவன் தன் ஆக்கத்தினுள்ளே வேறொரு பொருளை மறைத்து வைத்தலும், கற்போன் அதனைத் தேடிக் காண்டலும் தமிழ்ப் புலவர்க்குப் புதியன அல்ல. தொல்காப்பியர் பிசியையும் யாப்பின் வகைகளுள் ஒன்றாக வைத்து எண்ணினார். தண்டியலங்காரம் சொல்லணியியலிலே, ஒரு செய்யுளினுள் மற்றொரு செய்யுள் ஒளிந்து நிற்பதனைக் கரந்துறைச் செய்யுள் என்று பெயரிட்டுக் கூறுகின்றது. நாலாம் அடியின் எழுத்துக்கள் யாவும் முன்னை மூன்றடியுள்ளும் மறைந்து கிடப்பது கூடசதுக்கம். இவற்றை மிறைக்கவி எனத் தொகுத்து, கவிதையாகாத வெறுஞ் சொல்வித்தை என ஒதுக்கினாரும் உளர். அவ்வொதுக்கம் முற்றும் நியாயமாகாது என்பதை எவரும் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து, அதாவது விடியோ விளையாட்டிலிருந்து காட்டலாம் என்பது எமது எண்ணம். நகைப்பார் நகைக்க.

1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதனை ஆக்கியவர் வாரன் ரொபினெற். ஆக்கியோர் பெயரை வெளியிடும் வழக்கம் அந்நிறுவனத்திற்கு அந்நாளில் இல்லை. பாயிரத்தில் ஆக்கியோன் பெயரை முதற்கண் வைக்கும் மரபினராகிய நமக்கு அதன் கொடுமையை விளக்க வேண்டுவதில்லை. ரொபினெற் யாருக்கும் சொல்லாமல் ஓர் அறையை விளையாட்டினுள் அமைத்தார். பின்புலத்தின் நிறமே தன் நிறமாகக் கொண்ட, கண்ணுக்குப் புலனாகாத ஒரு சிறு புள்ளியைக் கரிய கோட்டையின் சுழல்வழிகளுள் இட்டார். அதனை எடுத்து உரிய இடத்திற்குக் கொண்டு செல்வோனுக்குச் சுவர் வழிவிடும். உள்ளே, இன்னார் ஆக்கியது என ஒளிரும் எழுத்துத் தோன்றும். சோல்ட் லேக் சிற்றி நகரத்துப் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் அதனைக் கண்டுபிடித்து நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினான். அதற்குள் ரொபினெற் அந்நிறுவனத்தை விட்டு நீங்கியிருந்தார்.

இங்கே மறைத்தமைக்கு ஒரு காரணம் உண்டு; மறைபொருளுக்கும் விளையாட்டுக்கும் உறவும் உண்டு. தேடித் திரிதலே அவ்விளையாட்டின் உயிராதலின், தேடலிற் சிறந்தவனே ஆக்கியோனைக் காண்கின்றான். கரந்துறைச் செய்யுளைக் கண்டறிபவன் முதற் செய்யுளை எழுத்தெண்ணிப் படித்தவனாகவே இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஓரினம் என்க.

மற்றோர் இனம் உண்டு. 1986இல் ஜப்பானிய நிறுவனமாகிய கொனாமி 'கிரேடியஸ்' என்னும் விளையாட்டை வீட்டுக் கருவிக்கு மாற்றியபோது, அதனைச் செய்த கசுகிசா கசிமோட்டோ என்பார்க்கு அது மிகக் கடினமாயிருந்தது. தாம் சோதித்துப் பார்ப்பதற்கு எளிதாகும்படி ஒரு சூத்திரத்தை இட்டார்: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பின்னர் இரு பொத்தான்கள். வெளியிடுமுன் அதனை நீக்காது விட்டனர். 'கொன்ட்ரா' என்னும் விளையாட்டிலே அதே சூத்திரம் மூன்று உயிரை முப்பதாக்கிற்று. இதனை எவ்வளவு கூர்ந்து விளையாடினும் ஒருவன் தானே கண்டறிதல் அரிது. ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டே பரவும். இது பூட்டுக்குத் திறவுகோல் போன்றது. பாட்டுக்குப் பொருள் போன்றதன்று. ஆதலின் கலையளவில் இதனைத் தாழ்ந்ததென்றே கொள்வோம்.

எனினும் காவல் என்னும் பொருளை ஆராயுமிடத்து, இத்தாழ்ந்த வகையே நம்மை நெடிது நிறுத்துகின்றது. இலங்கையில் 1995இல் இணையச் சேவை வணிகமுறையிலே தொடங்கிற்று. ஊவாவின் லயங்களை அஃது எட்டுதற்கு மேலும் பல்லாண்டு சென்றது. அக்காலத்திலே பதுளை நகரத்து ஒரு கடையில், தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்திய போலிக் கருவிகளில் அரை மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளையாடுவர். ஹாலிஎலத் தோட்டமொன்றிலிருந்து எம்முடன் படிக்க வந்த மாணவன் ஒருவனிடம் அக்காசு இராது. ஆனால் முப்பது உயிரின் சூத்திரம் அவனிடமிருந்தது. அதனை அவன் எவர்க்கும் சொல்லான். கருவியை உடம்பால் மறைத்துக் கொண்டு பொத்தான்களை அழுத்துவான். காசு கொடுத்தவன் பக்கத்தில் அவனுக்கும் ஓரிடம் கிடைக்கும். அவனை உலோபி என்று யாம் அன்று வைதோம். அந்த அறிவைத் தவிர அவன் கையில் மாற்றுதற்கு வேறு நாணயம் இருந்ததில்லை என்பது பிற்காலத்திலேதான் எமக்கு விளங்கிற்று. சூத்திரத்தை அவன் ஒருமுறை சொல்லியிருப்பின், மறுநாள் முதல் கடையின் வாயிலில் நின்றிருப்பான்.

காவலின் பிறிதொரு முகம் வதந்தி. 'ஸ்ட்ரீட் பைட்டர்' இரண்டாம் பாகத்தில் வீரன் ஒருவன் சொல்லும் சொற்றொடரிலே, ஓங்கியெழும் நாகத்தின் குத்து என்னும் பொருளுடைய ஜப்பானியச் சொல் 'செங் லோங்' எனச் சீன ஒலியிற் பெயர்க்கப்பட்டது. அதனை ஓர் ஆசானின் பெயரென விளையாடினோர் கொண்டனர். 1992 ஏப்பிரிலில் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்று, அவ்வாசானை எதிர்கொள்ளும் வழி இதுவென்று முட்டாள்தினக் குறும்பாக எழுதிற்று. உலகெங்கும் சிறுவர் அதனை நம்பிக் கைவலிக்க முயன்றனர். ஏடெழுதினோர் பிழையிலிருந்து பாடபேதமும், பாடபேதத்திலிருந்து புது உரையும், உரையிலிருந்து கதையும் பிறத்தலைக் கண்டார்க்கு இது வியப்பன்று. மூலத்தோடு ஒப்பிட வழியில்லாதவிடத்துப் பிழையும் மறைபொருள் எனவே மதிக்கப்படும்.

இவற்றுக்கு மாறான வழியையும் காண்கின்றோம். 1984இல் நாம்கோ நிறுவனத்திற்காக மசனோபு எண்டோ ஆக்கிய 'துருவாகாவின் கோபுரம்' அறுபது தளங்களை உடையது. தளந்தோறும் கரந்து கிடக்கும் பேழை எச்செயலால் வெளிப்படும் என்பது ஓரிடத்தும் கூறப்படவில்லை; சில பேழைகளைப் பெறாதவன் முடிவை எய்தான். தனியொருவனால் ஆகாத இக்காரியத்தை ஜப்பானிய விளையாட்டுக் கூடத்தினர் பலர் கூடி முடித்தனர். கூடத்திலே ஒரு குறிப்புக் கொப்பி இருக்கும். கண்டதனை ஒவ்வொருவரும் அதில் எழுதி வைப்பர். ஓருரை மேல் ஓருரையாக வளர்ந்த நம் உரைமரபினை இது நினைப்பிக்கின்றது. தேடலின் இன்பம் பகிர்தலாற் குறையவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாம் அறியோம்.

பூட்டிக் காத்தல் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை நாம் அறியாதவரல்லேம். 1887இல் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் அச்சேற்றுமுன் பட்ட பாடு பெரிது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலின் பழைய ஏடுகள் தீயிலிடப்பட்டன என்று கேட்டு ஐயர் வருந்தினார். கொடாது காத்தவர் பலர் கெடுக்க எண்ணியவரல்லர். காமன் கூத்து இன்றும் மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் ஆடப்படுகின்றது. வாய்மொழியாகப் பாடம் பண்ணிய ஆசான் மறையும்போது அவன் பாடலும் உடன் மறைவதுண்டு. அவ்வாசானையும் கடையிலிருந்த மாணவனையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. ஆசானுக்கு ஊரார் பரிவட்டம் கட்டினர். மாணவனுக்குக் கிடைத்தது ஒரு முக்காலி.

பாடசாலையை விட்டு நீங்கிய நாளில் அம்மாணவன் ஒரு தாளை எமக்குத் தந்தான். அதில் ஏழு சூத்திரங்கள் இருந்தன. இன்று இணையத்தில் ஒப்புநோக்க அவற்றுள் ஐந்து மெய் எனக் கண்டோம். ஒன்று எங்கும் பொய்யென விளக்கப்பட்ட பழைய வதந்தி. எஞ்சிய ஒன்று ஓரிடத்தும் காணப்படவில்லை. அஃது எவ்விளையாட்டுக்கு உரியதென்று அவன் எழுதவும் இல்லை.