தாடையை மறந்த ஹெல்மெட்

கத்திரி வெயில் நெருங்கினால் போதும், ஓபன் ஃபேஸ் ஹெல்மெட்டுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் கூடிவிடுகிறார்கள். சென்னை வெயிலில் முகத்தை மூடிக்கொண்டு எப்படி வண்டி ஓட்டுவது? ஊருக்குள் 40-ஐத் தாண்டாத ஸ்கூட்டருக்கு ரேஸ்காரர் ஹெல்மெட் எதற்கு? சட்டம் கேட்பது ஹெல்மெட்தானே, எதை வாங்குவது என்பது அவரவர் விருப்பம் இல்லையா? இப்படிப் போகிறது வாதம். போதாக்குறைக்கு இப்போது அழகும் சேர்ந்துகொண்டது. பழைய பாணி புல்லட்டும் ஜாவாவும் வாங்குகிற இளைஞர்கள் அதற்குத் தோதாக ஓரத்தில் தோல் வைத்துத் தைத்த ஓபன் ஃபேஸும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து ஈ.சி.ஆரில் படம் எடுத்துப் போடுகிறார்கள். வண்டிக்கு ஏற்ற ஹெல்மெட் என்கிறார்கள். விழும்போது தரையில் படப்போவது வண்டியின் முகம் இல்லை என்பது அந்தப் படங்களில் தெரிவதில்லை.

ஓபன் ஃபேஸில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. காற்று நன்றாக வரும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே மாட்டலாம். கொண்டை போட்டவர்களுக்கும் பூ வைத்தவர்களுக்கும் தொல்லை குறைவு. விலையும் பெரும்பாலும் குறைவு. டேங்க் மேல் உட்கார்ந்து வருகிற முழு முக ஹெல்மெட்டைவிடத் தலையில் இருக்கிற ஓபன் ஃபேஸ் ஆயிரம் மடங்கு மேல். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 50,029 பேர் ஹெல்மெட் அணியாமல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த நாட்டில் எதையாவது தலையில் மாட்டுகிறவரைக் குறை சொல்லக் கொஞ்சம் தயக்கம் வரத்தான் செய்யும்.

ஆனால் இந்தத் தயக்கத்திலேயே வாதம் நின்றுவிடுகிறது. ஹெல்மெட் உண்டா இல்லையா என்பதோடு பேச்சு முடிந்துபோகிறது; அந்த ஹெல்மெட் எதை மூடுகிறது என்று கேட்பவர் குறைவு. 61 ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் மரண அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்றது. எந்த வகை ஹெல்மெட் மேல் என்று முடிவு செய்யப் போதுமான சான்று கிடைக்கவில்லை என்றும் அதே மதிப்பாய்வு சொன்னது. ஓபன் ஃபேஸ் தரப்பு இந்த இரண்டாவது வரியைப் பிடித்துக்கொள்கிறது. முகக் காயத்தைப் பற்றிச் சொல்லவும் தரவு போதவில்லை என்று அதிலேயே இருப்பதை மட்டும் விட்டுவிடுகிறது. உயிர் பிழைத்தாரா, மூளை தப்பியதா என்ற இரண்டு கேள்விகளை வைத்து எண்ணிய கணக்கில் தாடைக்கு இடம் இல்லை.

தாடையை எண்ணியவர்களும் இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்த ஹாரி ஹர்ட்டின் குழு, முழு முக ஹெல்மெட் முகக் காயங்களைக் கணிசமாகக் குறைக்கிறது என்று 1981 அறிக்கையில் எழுதியது. ஜெர்மனியின் ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் விபத்து ஆய்வு செய்த டீட்மார் ஓட்டே, அடிபட்ட ஹெல்மெட்டுகளில் எந்தெந்த இடத்தில் அடி விழுந்திருக்கிறது என்று வரைபடமே போட்டார். அடிகளில் 34.6 சதவீதம் தாடைப் பகுதியில். மூன்றில் ஒன்றுக்கும் மேல். உச்சந்தலையில் விழுந்தவை அதில் சிறு பங்குகூட இல்லை. ஓபன் ஃபேஸ் மிகப் பத்திரமாக மூடுவது அந்த உச்சந்தலையைத்தான்.

இதற்குக் காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால், நாய் குறுக்கே வந்தால், வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடையை இரவில் கவனிக்காமல் ஏறினால், வண்டி நிற்கும், ஆள் நிற்பதில்லை. உடம்பு முன்னால் போகிறது. கையை ஊன்ற நேரம் கிடைப்பதில்லை, ஊன்றினாலும் மணிக்கட்டு மடங்கிவிடுகிறது. அடுத்துத் தரையில் படுவது முகவாய்.

40-ல்தான் போகிறோம் என்ற சமாதானம் இங்கேதான் பொய்த்துப்போகிறது. ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து விழுகிற எதுவும் தரையைத் தொடும்போது மணிக்கு 19, 20 கிலோமீட்டர் வேகத்தை எட்டியிருக்கும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. புவியீர்ப்பு ஸ்பீடோமீட்டரைப் பார்த்து இழுப்பதில்லை. வண்டியின் வேகம் கூடக்கூடத் தார்ச் சாலையில் முகம் தேய்ந்துகொண்டு போகிற தூரம்தான் கூடும். ஊருக்குள் மெதுவாகப் போகிறவருக்குத் தாடை உடையாது என்பதற்கு இயற்பியலில் எந்த ஆதாரமும் கிடையாது.

தாடை எப்படி உடைகிறது என்று பல், முக அறுவை மருத்துவர்களைக் கேட்க வேண்டும். முகவாய் நேராகத் தரையில் மோதும்போது அடி அங்கேயே நின்றுவிடுவதில்லை. எலும்பு வழியாக இரண்டு பக்கமும் மேலேறி, காதுக்கு முன்னால் இருக்கிற மூட்டுகள் வரை போகிறது. நடுவில் ஒரு முறிவு, இரண்டு மூட்டுக் கழுத்துகளிலும் ஒவ்வொன்று, ஆக மூன்று. அணிவகுப்பில் நின்றபடியே மயங்கி முகம் குப்புற விழுகிற காவல் வீரர்களிடம் அதிகம் கண்டதால், மருத்துவப் பாடநூல்களில் இதற்கு கார்ட்ஸ்மேன் முறிவு என்றே பெயர். நின்ற இடத்தில் விழுந்தவருக்கே இப்படி என்றால், ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர் எம்மாத்திரம்.

டைட்டானியம் தகடு வைத்து ஸ்க்ரூ போடுவார்கள். இல்லையென்றால் மேல் பற்களையும் கீழ்ப் பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிடுவார்கள், பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்துக்கு. கஞ்சியும் ஜூஸும் ஸ்ட்ராவில். வாந்தி வந்தால் வெட்டிவிட, படுக்கை ஓரத்திலேயே கம்பி வெட்டும் கருவி இருக்க வேண்டும். எலும்பு கூடிய பிறகும் கடித்தால் பல் முன்போல் பொருந்தாமல் போகலாம், கீழுதடு மரத்தே இருந்துவிடலாம். முன்பகுதியில் இரண்டு பக்கமும் முறிந்துவிட்டால் இன்னும் மோசம். நாக்கைத் தாங்கிப் பிடிக்கும் எலும்பு பின்னுக்குச் சரிய, நாக்கு தொண்டையை அடைத்துவிடும். மூளையில் கீறல்கூட இல்லாமல், சாலையோரத்தில் மல்லாக்கப் படுக்கவைக்கப்பட்டவர் மூச்சு முட்டிச் சாக இது போதும். ஓபன் ஃபேஸ் மூளையைக் காப்பாற்றிவிடுகிறதே என்பவர்கள் இந்த இடத்தில் என்ன பதில் சொல்வார்கள்?

குழந்தைகள் விஷயத்தில் பொறுமை போய்விடுகிறது. ஸ்கூட்டரின் முன்பக்கம் பிள்ளையை நிற்கவைத்து ஓட்டுகிற வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. திடீர் பிரேக்கில் பிள்ளையின் முகவாய் மோதுவது ஹேண்டில்பாரில். வெளியே ஒரு சிறு வெட்டு, நான்கு தையல், வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே மூட்டு உடைந்திருப்பதை யாரும் கவனிக்காமல் விட்டால், எலும்போடு எலும்பு ஒட்டி, நாளடைவில் வாயே திறக்க முடியாமல் போகும். கீழ்த்தாடை வளராமல் முகவாய் உள்ளே ஒடுங்கும். இந்தியாவில் வாய் திறக்க முடியாமல் வரும் பிள்ளைகளிடம் பழைய அடி ஏதாவது உண்டா என்றுதான் மருத்துவர்கள் முதலில் கேட்கிறார்கள். பிள்ளைகளை ஏற்றிச் செல்வதற்கு 2022-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதி, 9 மாதம் முதல் 4 வயது வரையிலான பிள்ளைக்கு ஹெல்மெட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. பலூன், கார்ட்டூன் படம் போட்டுக் கடைகளில் தொங்குகிற குட்டி ஹெல்மெட்டுகளில் பல முகத்தைத் திறந்துதான் விட்டிருக்கின்றன.

காது கேட்காது, பக்கவாட்டில் கண் தெரியாது என்ற பழைய குற்றச்சாட்டை நெடுநேரம் பேச வேண்டியதில்லை. ஹெல்மெட் முக்கியமான போக்குவரத்து ஒலிகளை மறைக்கவில்லை, பார்வையைக் குறுக்கவில்லை, எந்த விபத்துக்கும் அது காரணமாக இருக்கவில்லை என்று ஹர்ட் அறிக்கை அன்றே எழுதிவிட்டது. அமெரிக்க விதிப்படி நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 105 பாகை பார்வை திறந்திருக்க வேண்டும். தோளுக்குப் பின்னால் பார்க்க எந்த ஹெல்மெட் போட்டாலும் கழுத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

சட்டமும் தாடையைக் கண்டுகொள்ளவில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, காயத்திலிருந்து ஓரளவு பாதுகாப்புத் தரும் என்று நியாயமாக எதிர்பார்க்கத்தக்க வடிவமும் பொருளும் கட்டுமானமும் கொண்ட தலைக்கவசம் வேண்டும், அதைத் தலையில் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும் என்கிறது. முகத்தைப் பற்றிப் பேச்சில்லை. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கக் கூடாது, நல்ல விதிதான். ஆனால் கடைக்குப் போகிறவர் கண்ணில் படுவது இரண்டு வகைக்கும் ஒரே முத்திரை. ஐரோப்பாவில் நடைமுறையில் உள்ள ஐ.நா. 22-ஆம் விதியோ, தாடையைக் காக்கும் ஹெல்மெட்டுக்கு பி என்றும், திறந்த முகத்துக்கு ஜே என்றும், தாடையை மூடினாலும் காக்காததற்கு என்.பி. என்றும் தனித்தனி எழுத்துக் கொடுக்கிறது. வாங்குகிறவருக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. 2022 மே மாதம் சென்னையில் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கேட்டு போலீஸ் மடக்கத் தொடங்கியபோது, வீட்டுக்கு வீடு வாங்கிய இரண்டாவது ஹெல்மெட் எது? பெரும்பாலும் இருப்பதிலேயே சின்னது, இருப்பதிலேயே மலிவானது. மனைவிக்கும் அம்மாவுக்கும் அது போதும் என்று முடிவாகிவிட்டது. அபராதத்துக்குப் பயந்து வாங்கிய அந்த ஹெல்மெட் அபராதத்திலிருந்து மட்டுமே காப்பாற்றுகிறது என்றால் கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம். மோவாயைத் தொட்டுப் பார்த்தால் அவ்வளவு கடுமையாகத் தோன்றாது.

முழு முகம் என்ற பெயரிலும் ஏமாற்று உண்டு. ஹெல்மெட்டைக் கவிழ்த்து, தாடைப் பகுதிக்குள் விரலை விட்டு அழுத்திப் பார்க்க வேண்டும். வெறும் ஸ்பாஞ்ச் அமுங்கி, பின்னாலேயே பிளாஸ்டிக் தட்டுப்பட்டால் அது முகமூடிதான். கெட்டியான தெர்மாகோல் தட்டுப்பட வேண்டும். அடியை வாங்கி நசுங்குவது அதுதான். வெயில் தாங்காதவர்களுக்கும் மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கும் தாடைப் பகுதியைத் தூக்கிவிடுகிற ஃபிளிப் அப் ஹெல்மெட் இருக்கிறது. சிக்னலில் தூக்கிக்கொள்ளலாம், ஓடும்போது இறக்கிப் பூட்ட வேண்டும். விலைதான் கூடுதல்.

விலை கூடுதல் என்பதில் அரசுக்கும் பங்கு இருக்கிறது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஹெல்மெட்டை 18 சதவீத வரிப் பிரிவில் வைத்தார்கள். அணியாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் போடுகிற அரசு, தாடைக் காப்பு உள்ள ஹெல்மெட்டுக்கு மட்டுமாவது அந்த வரியை எடுத்துவிடலாம். விழிப்புணர்வு விழாக்களில் மேடை போட்டு இலவசமாகக் கொடுக்கிற ஹெல்மெட்டுகளையும், படத்தில் முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை என்று, முழு முகமாகவே கொடுக்கத் தொடங்கலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை; கொள்முதல் உத்தரவில் ஒரு வரி சேர்த்தால் நடந்துவிடும்.