அரை மைக்ரான் பளபளப்பு

பழைய புல்லட் வாங்க வருகிறவர்கள் முதலில் எஞ்சினை ஓடவிட்டுச் சத்தம் கேட்பார்கள். நான் ஹெட்லைட் வளையத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஒர்க்‌ஷாப் கூரையில் எரியும் டியூப்லைட் அந்த வளையத்தில் மெல்லிய வெள்ளைக் கோடாக வளைந்து விழும். கோடு கூர்மையாக இருந்தால் வண்டி நல்ல கையில் இருந்திருக்கிறது. கோட்டைச் சுற்றி நுண்ணிய கீறல்கள் தெரிந்தால், யாரோ ஆசைப்பட்டுப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். வெள்ளை ஓரிடத்தில் லேசாக மஞ்சளுக்குத் திரும்பினால் தீர்ந்தது: அங்கே குரோம் போய், அடியிலிருக்கும் நிக்கல் வெளியே வந்துவிட்டது.

தேய்க்கிறவர்களில் பலருக்கு அந்தப் பூச்சு எவ்வளவு மெலிசு என்று தெரியாது. இரும்பின் மேல் பெரும்பாலும் செம்பு, அதன்மேல் நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலே குரோமியம். நிக்கல் பத்து, இருபது மைக்ரானாவது இருக்கும். குரோமியமோ பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டாது. தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பளபளப்புக்கு அடித்தளம் நிக்கலின் வழவழப்பு. அதற்கு நீலம் கலந்த குளிர்ச்சியைக் கொடுத்து, மங்கவிடாமல் காப்பது இந்த அரை மைக்ரான்தான். 1920-களில் குரோம் முலாம் தொழிலுக்கு வரும்வரை நிக்கல் பூசிய வண்டிகளைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

குரோமியம் துருப்பிடிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத துளைகள், வெடிப்புகள் வழியே ஈரம் இறங்கி அடியிலுள்ள இரும்பைத் தின்கிறது. அந்தச் செம்புழுதிதான் மேலே புள்ளியாக எழும்புகிறது. உப்புக் காற்று இருந்தால் வேகம் கூடும். 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் ஆலை திருவொற்றியூரில், கடலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. சென்னைப் புல்லட்டுக்கு இந்தப் பகை பிறந்த ஊரிலேயே தொடங்கிவிடுகிறது. ரிம்மில் ஸ்போக்ஸ் நிப்பிள் உட்காரும் குழிகள், டேங்க் பக்கவாட்டு ரப்பரின் அடிப்புறம், கிராஷ் கார்டின் கீழ்வளைவு: தண்ணீர் தங்குகிற இடமெல்லாம் துரு தங்கும். பளபளக்கும் முகத்தை மட்டும் துடைத்துவிட்டு இவற்றை விட்டவனை நான் நம்பமாட்டேன்.

புதுப்பேட்டையில் ஒரு பெரியவர் வேலை செய்வதை நின்று பார்த்திருக்கிறேன். முதலில் ஷாம்பு கலந்த தண்ணீரால் மணலையெல்லாம் கழுவி, துடைத்துக் காயவைத்தார். பிறகு ஒவ்வொரு புள்ளியின்மேலும் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டினார். நகம் வழுக்கிப் போனால் வெறும் கறை, தட்டினால் பள்ளம். கறை முழுசாகப் போகும். பள்ளத்தில் துருவை எடுக்கலாம், பள்ளத்தை எடுக்க முடியாது. வேலை எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த நகம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. அந்த ஓட்டத்தைப் பார்க்கவே நான் அங்கே போவேன்.

அப்புறம் சாப்பாடு பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். அலுமினியம் குரோமியத்தைவிட மிருது. துருவைச் சுரண்டும், முலாமைக் கீறாது. சாம்பலும் கறுப்புமாக ஒரு குழம்பு கிளம்பியது. அது காயும் முன்பே பனியன் துணியால் வழித்தார். “அழுத்தாதே தம்பி, அதுவே வரும்” என்றார். நிஜமாகவே வந்தது. கடைசியில் பட்டாணி அளவு பாலிஷ், அதன்பிறகு மெழுகு.

பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் அவர் பக்கத்தில்கூட இருக்காது. அதன் துணுக்குகள் பள்ளங்களில் சிக்கிப் புதுத் துருவாகும். பாத்ரூம் கழுவும் ஆசிட் இன்னும் மோசம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவோடு குரோமியத்தையும் கரைத்துவிடும். சில நிமிஷப் பளபளப்புக்கு முலாமையே விலையாகக் கொடுப்பது அது.

சைலன்சர் பெண்டில் வரும் நீலத்தைத் துரு என்று நினைத்துத் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அது அழுக்கே இல்லை. சூட்டில் மேற்பரப்பின் ஆக்சைடு படலம் தடித்து, ஒளி அதில் பிரிந்து நிறமாகிறது. எஞ்சின் பக்கம் ஊதா, நீலம், தள்ளிப் போகப்போக வைக்கோல் மஞ்சள். வண்டி ஓடிய ஓட்டம் அதில் இருக்கிறது. எனக்கு அது வேண்டும்.

புது முலாமும் போடலாம்தான். ஆனால் அதற்குப் பழைய பூச்சை உரித்து, பள்ளம் மறையும்வரை இரும்பையே பஃப் அடிப்பார்கள். திரும்பி வரும்போது விளிம்புகள் மழுங்கியிருக்கும், எழுத்துகள் ஆழம் குறைந்திருக்கும். முலாம் தொட்டியில் காலங்காலமாகப் பயன்பட்டுவரும் ஆறிணைதிறக் குரோமியமோ வேலை செய்பவரின் மூச்சுக்கு நஞ்சு. உரிந்து தொங்கும் ரிம்முக்கு வேறு வழியில்லை. புள்ளி விழுந்த அசல் ஹெட்லைட் வளையம் என்றால் அனுப்பவே மாட்டேன். பள்ளங்களில் மெழுகை அழுத்தித் துடைத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தரம், தை பிறந்ததும் ஒரு தரம் கழற்றி உள்பக்கத்தையும் காயவைத்தால் போதும்.