டாப்: முளையும் தட்டலும்
குழாய்க்கும் தோளில் தட்டுவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்: டாப். உருவம்தான் ஒன்று, பிறப்பு வேறு. மெல்லத் தட்டும் டாப், பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, ஓசையிலேயே உருவாகியிருக்கலாம். மற்றது பழைய ஆங்கிலத்தில் பீப்பாய்த் துளையை அடைத்த மரமுளை. முளையைப் பிடுங்கினால் மது வழியும். ஆகவே உள்ளிருப்பதை வடித்தெடுப்பதும் டாப் ஆனது. பின்னாளில் தந்திக் கம்பியில் ஒட்டுக்கேட்பதும் அதே.

ரப்பர் மரத்தில் பால் வடிப்பதற்கும் அந்த முளைதான் ஆங்கிலத்தில் பேர் கொடுத்தது. 1877இல் மலாயாவின் பேராக்கில், கோலகங்சாரில், பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ ரப்பர்க் கன்றுகளை நட்டார். மரத்தைக் கொல்லாமல் அதே பட்டையைத் திரும்பத் திரும்பச் சீவும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி வகுத்தார்.

பேராக் தோட்டத் தமிழர்களோ 'பால்மரம் வெட்டினார்கள்'. விடியுமுன் நிரைக்குப் போய், இடமேலிருந்து வலக்கீழாகச் சரியும் வெட்டில் மில்லிமீட்டர் கணக்கில் பட்டை சீவ வேண்டும். பால்நாளங்கள் எதிர்ச்சாய்வில் ஏறுவதால்தான் அந்தச் சரிவு; அப்போதுதான் அதிக நாளங்கள் அறுபடும். ஆழ இறங்கினால் மரத்துக்குக் காயம், மேலோடு போனால் பால் பிடிக்கும் மங்கு நிறையாது. இத்தனை நுணுக்கத்துக்கு 'வெட்டு' என்று பெயர் வைத்தவர்களுக்கு அலட்டல் கிடையாது.

தென்னையில் ஏறிக் கள் எடுப்பவரும் ஆங்கிலத்தில் டாப்பரே. தமிழுக்கு அது ஒத்துவராது: கள் இறக்குவது வேறு, பால் வெட்டுவது வேறு. ஆனால் முதன்மை வேரை ஆங்கிலம் முளையாகப் பார்த்து டாப்ரூட் என்றது. தமிழும் அதை ஆணியாகப் பார்த்து ஆணிவேர் என்றது.

இன்று ஈப்போக் கடைகளில் பணம் கட்ட அட்டையை 'டாப்' செய்கிறார்கள். அது பிரெஞ்சுத் தட்டல்.