பூட்டிய அறையும் மீட்சிக் கதையும்: ஒரு புனைவு மரபு பற்றிய சில சிந்தனைகள்

போதைப்பொருளுக்கு அடிமைப்பட்ட மனிதனைப் பற்றிய எழுத்து மேனாட்டு இலக்கியத்திலே இரு நூற்றாண்டு வரலாறு உடையது. தோமஸ் டி குவின்சி தமது அபினிப் பழக்கம் பற்றி 1821 இல் வெளியிட்ட தன்வரலாற்றை அதன் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். இத்தகைய ஆக்கங்களை நாம் பெரும்பாலும் அழகியல் நோக்கிலேயே மதிப்பிடுகின்றோம். அவை நோயைப் பற்றியும் அதன் தீர்வைப் பற்றியும் நம் உள்ளத்தில் எத்தகைய எண்ணத்தைப் பதிக்கின்றன என்ற வினாவும் திறனாய்வுக்கு உரியதே. புகழ்பெற்ற கலைஞர் பலர் அளவுமீறிய போதையால் இறந்தமை ஐக்கிய அமெரிக்காவில் ஒரு விவாதத்தைக் கூர்மைப்படுத்தியது. போதை நோயாளருக்கு நீண்டகாலம் மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்யலாமா, அன்றி முற்றான விலக்கு ஒன்றே மீட்சியாகுமா என்பதே அவ்விவாதம். விலக்கே மீட்சி என்போரின் வாதம் மருத்துவ அறிவைவிட ஒரு கதை மரபினாலேயே பெரிதும் வலுப்பெறுகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1

நெல்சன் அல்கிரனின் 'தங்கக் கை மனிதன்' என்னும் நாவல் 1949 இல் வெளிவந்து, அடுத்த ஆண்டில் அமெரிக்கத் தேசிய நூற் பரிசைப் பெற்றது. அதன் நாயகன் பிராங்கி மெஷீன் சிக்காகோ நகரின் வறியோர் பகுதியிலே சூதாட்ட மேசையிற் சீட்டுப் பகிர்ந்து பிழைப்பவன். இரண்டாம் உலக யுத்தத்திலே காயமுற்றபோது வலி தணிக்கத் தரப்பட்ட மோர்பின் பின்னர் அவன் வாழ்வையே பற்றிக்கொள்கின்றது. சிறையில் இருந்த காலத்தில் அவன் போதையை விட்டுவிடுகிறான். வெளியே வந்ததும் பழைய தெருவும் பழைய வறுமையும் பழைய ஊசியும் அவனை எதிர்கொள்கின்றன. ஈற்றில் அவன் தூக்கிட்டு இறக்கின்றான். அவனது மனவுறுதியை விட அவனைச் சூழ்ந்த வாழ்நிலையையே அல்கிரன் விசாரணைக்கு உட்படுத்துகின்றார் எனலாம்.

1955 இல் ஒட்டோ பிரெமிஞ்சர் இந்நாவலைத் திரைப்படமாக்கினார். போதைப் பழக்கத்தைச் சித்திரித்தமையால் அதற்கு ஹொலிவூட்டின் தணிக்கை முத்திரை மறுக்கப்பட்டது. முத்திரையின்றியே படம் திரையிடப்பட்டது. அடுத்த ஆண்டில் அவ்விதி தளர்த்தப்பட்டது. இத்துணிவு பாராட்டுக்குரியது. ஆயினும் முடிவு மாற்றப்பட்டமை கவனிக்கத்தக்கது. பிராங்க் சினாத்திரா ஏற்று நடித்த பிராங்கி, தன்னை நேசிக்கும் பெண்ணின் அறையிலே தன்னைப் பூட்டிவைக்கும்படி வேண்டுகிறான். துடிக்கிறான், கெஞ்சுகிறான், குளிரால் நடுங்குகிறான்; ஈற்றில் விடுதலை பெற்ற மனிதனாக வெளியேறுகிறான். இப்படத்தின் தொடக்கத்திலேயே அவன் லெக்சிங்டன் நகரில் இருந்த அரச போதைநோய் வைத்தியசாலையிலிருந்து போதை நீங்கியவனாகத் திரும்பி வந்து, மீண்டும் வீழ்கின்றான் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தொடக்கத்தில் தோற்ற அதே விலக்கு, காதலும் துன்பமும் சேர்ந்தவுடன் முடிவில் வெற்றியாகின்றது. இம்மாற்றத்திற்குக் கதையின் உள்ளே காரணம் எதுவும் இல்லை. பார்வையாளரின் நிறைவே காரணம்.

நாற்பத்தோர் ஆண்டுகளின் பின் வந்த டனி பொயிலின் 'ரெயின்ஸ்பொட்டிங்' (1996) அங்கதமும் துணிவும் மிக்க படம். அதிலே மெதடோன் என்னும் மருந்து இடம்பெறுகின்றது. ஆனால் நாயகனுக்குப் போதாத ஒன்றாகவே வந்துபோகின்றது. அவன் மீண்டும் ஹெரோயினை நாடி உயிராபத்துக்கு உள்ளாகிறான். பின்னர் பெற்றோர் அவனைச் சிறுவயது அறையிலேயே பூட்டிவைக்கின்றனர். படத்தின் மறக்கமுடியாத காட்சிகளுள் ஒன்று அந்த அறையே. காலம் மாறியும் மரபு மாறவில்லை.

2

இம்மரபில் உச்சக்கட்டம் போதை உடலைவிட்டு நீங்கும் வேளை. அதன்பின் சொல்வதற்குக் கதை இல்லை. உடலின் நியதியோ வேறானது. அபினி வகைப் பொருள்களைத் தொடர்ந்து பயன்படுத்துபவரின் உடல் அவற்றைத் தாங்கும் திறனைப் பெறுகின்றது. சில வாரங்கள் விலகியிருந்தால் அத்திறன் குறைந்துவிடுகின்றது, வேட்கையோ குறைவதில்லை. முன்பு தாங்கிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடக்கூடும். கதை முடியும் இடத்திலேதான் நோயாளியின் பேராபத்து தொடங்குகின்றது.

கனடிய நடிகர் கோரி மொன்டீத் 2013 ஏப்ரலில் புனர்வாழ்வு நிலையத்தை விட்டு வெளியேறினார். அதே ஆண்டு ஜூலை 13 ஆம் திகதி வான்கூவர் நகர ஹோட்டல் ஒன்றில் ஹெரோயினாலும் மதுவாலும் இறந்தார். அப்போது அவருக்கு வயது 31. விலகியிருந்த காலத்தின் பின் முன்னர் தாங்கிய அளவும் நஞ்சாகலாம் என்பதை மரண விசாரணை அறிக்கையே சுட்டிக்காட்டியது. பிலிப் சீமோர் ஹொப்மன் இருபத்திரண்டாம் வயதில் போதையை விட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் விலகியிருந்து மீண்டும் அதற்குத் திரும்பியவர். 2014 பெப்ரவரி 2 ஆம் திகதி, ஹெரோயின் உள்ளிட்ட பல பொருள்களின் கலப்பால், 46 ஆவது வயதில் இறந்தார். இத்தகைய மரணங்களைப் பெருங் கலைஞனின் அவலம் என்றும், மேதைமையின் விலை என்றும் எழுதுவது எளிது. அவல நாடகத்தில் முடிவு தவிர்க்கமுடியாதது. தவிர்த்திருக்கக்கூடிய மரணத்தை அவலமாக எழுதுவோர் அதன் காரணத்தை மறைத்துவிடுகின்றனர்.

3

வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் ஆகிய இரு வைத்தியர்கள் நியூயோர்க்கில் மெதடோனைக் கொண்டு நடத்திய சிகிச்சையின் பெறுபேறுகளை 1965 இல் வெளியிட்டனர். நாள்தோறும் அளவாகக் கொடுக்கப்படும் அம்மருந்து வேட்கையைத் தணித்து, தொழிலையும் குடும்பத்தையும் பேண இடமளித்தது. புப்ரெனோர்பின் என்னும் மருந்து 2002 இல் அமெரிக்காவிலே இந்நோய்க்கு அங்கீகரிக்கப்பட்டது. 2005 இல் உலக சுகாதார நிறுவனம் இவ்விரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017 இல் வெளியான மதிப்பீடு ஒன்றின்படி, மெதடோன் சிகிச்சையில் இருப்போரிடையே ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேருக்கு 11.3 மரணங்களும், சிகிச்சையை விட்டோரிடையே 36.1 மரணங்களும் நிகழ்ந்தன.

மறுதரப்பின் வாதங்களையும் நேர்மையுடன் நோக்குதல் தகும். ஒரு போதைக்குப் பதில் இன்னொன்று என்பது அவர்களது முதன்மைக் குற்றச்சாட்டு. 2017 இல் அமெரிக்க சுகாதாரச் செயலாளரே இக்கருத்துப்படப் பேசினார். மெதடோனும் அளவு தவறினால் கொல்லும். புப்ரெனோர்பின் களவாக விற்கப்படுவதும் உண்டு. முற்றான விலக்கையும் ஒருவருக்கொருவர் துணையையும் நம்பி மீண்டவர் பலர். அவர்களது அனுபவம் பொய்யன்று. நடிகர் மத்தியூ பெரி 2023 ஒக்டோபரில் இறந்தமைக்கு முக்கிய காரணம் மருத்துவத்திலும் பயன்படும் கெற்றமின். அதன் தொடர்பில் 2024 இல் குற்றஞ்சாட்டப்பட்ட ஐவருள் இருவர் வைத்தியர்கள். மருந்து என்ற பெயர் மட்டும் எவரையும் காப்பதில்லை. அளவும் மேற்பார்வையும் பொறுப்பும் சேர்ந்தாலே அது சிகிச்சையாகும்.

ஆயினும் இரு தரப்பும் பகைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. டோல், மது அடிமைகளின் தோழமை இயக்கத்தின் அறங்காவலர் சபையில் இருந்தவர். அவ்வியக்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான பில் வில்சன், மது நோய்க்கும் மெதடோன் போன்ற மருந்தொன்றைத் தேடுமாறு தம்மிடம் வேண்டியதாக டோல் பிற்காலத்தில் எழுதியுள்ளார். விலக்கு மரபின் பெருநிலையங்களுள் ஒன்றான மினசோட்டாவின் ஹேசல்டன் 2012 இல் இம்மருந்துகளைத் தன் சிகிச்சையிற் சேர்க்கும் முடிவை அறிவித்தது. நிலையங்கள் தம் நோக்கை மாற்றத் தொடங்கிவிட்டன. கதைகளிலே அம்மாற்றத்தைக் காண்பது அரிது.

4

இசைக்கலைஞர் பிரின்ஸ் 2016 ஏப்ரல் 15 ஆம் திகதி விமானப் பயணத்திலே நினைவிழந்து, இடைநடுவில் தரையிறக்கப்பட்டு உயிர்மீட்கப்பட்டார். சில நாட்களில் கலிபோர்னிய வைத்தியர் ஒருவரின் உதவி நாடப்பட்டது. அவர் தம் மகனை முன்கூட்டியே அனுப்பிவைத்தார். 21 ஆம் திகதி காலை அவ்விளைஞர் மினசோட்டாவில் இருந்த வீட்டை அடைந்தபோது அவரது பையிலே புப்ரெனோர்பின் இருந்தது. பிரின்ஸ் இறந்து கிடந்தார். பென்டனைல் கலந்த போலி மாத்திரைகளே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது.

இந்நிகழ்விலே நாம் காணவேண்டியது விதியன்று, ஒருநாட் தாமதம். உலகறிந்த மனிதர் ஒருவரால் தம் நோயை வெளிப்படையாகச் சொல்லி வைத்தியரை நாட இயலாமற் போனமைக்கு வெட்கம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அவ்வெட்கத்தை வளர்ப்பதிற் கலைக்கும் பங்குண்டு. துடித்து வென்றவனே மீண்டவன் எனக் கதைகள் கற்பிக்கும்போது, காலையில் மாத்திரை உட்கொண்டு வேலைக்குச் செல்பவன் மீளாதவனாகத் தோன்றுகின்றான். அவனது வாழ்விலே உச்சக்கட்டம் இல்லை. நாளும் ஒரே செயல், ஒரே அளவு, மாதக் கடைசியிற் சம்பளம், மாலையிற் பிள்ளைகள். நாடகத்திற்கு இது உவக்காத பொருள்தான். ஆனால் யதார்த்த இலக்கியம் சாதாரண வாழ்வின் சலிப்பிலிருந்தும் பேரிலக்கியம் படைத்துக் காட்டியது. அம்மனிதனின் கதையை எழுத முன்வரும் படைப்பாளியை வரவேற்பதும், பூட்டிய அறையை மீண்டும் நம்முன் வைக்கும் ஆக்கத்திடம், மறுவாரம் இவன் என்ன ஆனான் என்று கேட்பதும் திறனாய்வாளரின் கடமையாகும்.